கம்பத்தின் உயரமும் அலையின் நீளமும்: வானொலி வரலாற்றில் ஒரு விகிதத்தின் கதை

1. வினா

வானொலி நிலையத்தின் ஒலிபரப்புக் கம்பம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும்? இவ்வினாவை வகுப்பறையில் எழுப்பினால், ‘எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்று’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். கலங்கரை விளக்கத்தைக் கண்டு பழகிய மனத்திற்கு இவ்விடை இயல்பானது. உயரத்தில் ஏற்றிய விளக்கு தொலைவில் தெரிகிறது. அவ்வாறே உயரத்திலிருந்து அனுப்பிய ஒலியும் தொலைவில் கேட்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

ஆயினும் வானொலி வரலாற்றில் இவ்விடைக்குப் பொருந்தாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகருக்கு அருகே, டபிள்யூ.எஸ்.எம். என்னும் வானொலி நிலையம் 1932-இல் ஒரு கோபுரத்தை எழுப்பியது. அதன் உயரம் 878 அடி, அதாவது ஏறத்தாழ 268 மீட்டர். ஏழே ஆண்டுகளில், 1939-இல், அக்கோபுரத்தின் உயரத்தை 808 அடியாகக் குறைத்தனர். கோபுரத்திற்குச் சேதம் எதுவும் நேர்ந்திருக்கவில்லை. தொலைவில் உள்ளவர்க்கு ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதைக் குறுக்கினர்.

உயரத்தைக் குறைத்தால் ஒலி தெளிவது எவ்வாறு? இதற்கு விடை காண வேண்டுமானால், ‘எவ்வளவு உயரம்?’ என்னும் வினாவையே நாம் மாற்றிக் கேட்க வேண்டும். ‘எந்த அலைக்கு, அதன் நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு?’ என்பதே சரியான வினா. இவ்வினாவை மனிதர் எவ்வாறு கண்டடைந்தனர் என்பதையும், அதனை நம் மொழியின் சொற்கள் எந்த அளவிற்குக் காத்துவந்தன என்பதையும் இவ்வுரையில் காண்போம்.

2. நெடுமை என்னும் சொல்

இயற்பியலுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைக் கருதுவோம். தமிழில் ‘நீளம்’ வேறு, ‘உயரம்’ வேறு. கிடந்த நிலையில் அளப்பது நீளம். நின்ற நிலையில் அளப்பது உயரம். ஆனால் இவ்விரண்டையும் ஒருங்கே குறிக்கும் பழைய அடிச்சொல் ஒன்றும் நம்மிடம் உண்டு. அதுவே ‘நெடு’. நெடுஞ்சாலை கிடந்த நிலையில் நெடியது. நெடுமரம் நின்ற நிலையில் நெடியது. வளர்ந்த மனிதனை ‘நெட்டை’ என்கிறோம். ஒலிப்பில் நீண்ட உயிரெழுத்தை ‘நெடில்’ என்கிறோம்.

வானொலிக் கம்பத்தைப் புரிந்துகொள்ள இச்சொல் பெரிதும் உதவுகிறது. நிலத்தில் நிற்கும் கம்பத்தை அண்ணாந்து பார்க்கும் நமக்கு அதன் அளவு உயரமாகத் தோன்றுகிறது. அதில் ஓடும் மின்னோட்டத்திற்கோ அது ஒரு நீளம் மட்டுமே. நிமிர்த்தி வைக்கப்பட்ட நீளம். அந்த நீளம் அலையின் நீளத்தோடு ஒத்திசைகிறதா என்பதே முதன்மையானது.

‘ஆன்டெனா’ என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலத்தீன மொழியில் அது பாய்மரக் கப்பலின் குறுக்குமரத்தைக் குறித்தது. நம் கடலோடிகள் ‘பருமல்’ என்று வழங்குவது அதுவே. பூச்சிகளின் தலையில் நீண்டிருக்கும் உறுப்பைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ‘கொம்பு’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் அவரது நூலை இலத்தீனத்தில் பெயர்த்தவர் அவ்விடத்தில் ‘ஆன்டெனா’ என்பதை இட்டார். கப்பலிலிருந்து பூச்சிக்கும், பின்னர் வானொலிக் கம்பிக்கும் அச்சொல் வந்து சேர்ந்தது. பூச்சியின் அவ்வுறுப்பைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘உணர்கொம்பு’ என்று குறிப்பதும் இங்கு எண்ணத்தக்கது. மரக்கிளை, விலங்கின் கொம்பு, ஊன்றுகோல் ஆகிய மூன்றையும் குறிக்கவல்லது நம் ‘கொம்பு’.

3. ஹெர்ட்ஸ் அளந்த அலை

மின்காந்த அலைகள் ஒளியின் வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1865-இல் வெளிவந்த தம் கட்டுரையில் கணிதத்தால் நிறுவினார். அவ்வலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, அளந்தும் காட்டியவர் ஜெர்மானியரான ஹென்ரிக் ஹெர்ட்ஸ். 1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்ரூ நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் ஆய்வுகள் நடைபெற்றன.

அவர் செய்த முறை எளிமையானது. அறையின் ஒரு முனையில் துத்தநாகத் தகடு ஒன்றை நிறுத்தினார். அலை அதில் மோதித் திரும்பியது. செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்தபோது, சில இடங்களில் மின்பொறி வலுத்தது. சில இடங்களில் அடங்கியது. அடங்கிய இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளத்தில் பாதி. கண்ணுக்குத் தெரியாத அலையின் நீளம் இவ்வாறு அளக்கப்பட்டது.

அலைநீளத்திற்கும் அதிர்வெண்ணிற்கும் உள்ள உறவு மாணவர் அறிந்ததே. அலை ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. அவ்வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது அலைநீளம். எளிய வாய்பாடாகச் சொன்னால், 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் எண்ணிக்கையால் வகுக்க, அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 300 மீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 3 மீட்டர்.

ஹெர்ட்ஸ் தம் பிற்கால ஆய்வுகளில் பயன்படுத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர். அதனை உண்டாக்கிய பித்தளைத் தண்டின் நீளம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். அரை அலை என்பது 33 சென்டிமீட்டர். தண்டு பருமனாக இருந்தால் அரை அலையைவிடக் குறைந்த நீளத்திலேயே அது ஒத்திசையும். ஆகவே கருவியின் அளவும் அலையின் அளவும் ஒன்றையொன்று தழுவியே அமைந்திருந்தன. கம்பம் என்று ஒன்று வானில் எழுவதற்கு முன்பே இவ்விகிதம் ஆய்வுக்கூடத்து மேசைமேல் இருந்தது. ஹெர்ட்ஸ் 1894-இல், தம் 36-ஆம் வயதில் மறைந்தார். அவர் கையில் விகிதமாக இருந்தது அடுத்து வந்தவர் கையில் வெறும் உயரமாக மாறியது.

4. மார்க்கோனியின் உயரக் கணக்கு

இத்தாலியின் போலோனா நகருக்கு அருகே, தம் தந்தையாரின் இல்லத்தில் ஆய்வுகள் நிகழ்த்திய குலியெல்மோ மார்க்கோனி, 1895-இல் ஒரு மாற்றம் செய்தார். மின்பொறிக் கருவியின் ஒரு முனையை மண்ணில் புதைத்தார். மறுமுனையைக் கம்பியால் கம்பத்தின் உச்சியிலிருந்த தகரப் பெட்டியோடு இணைத்தார். மண்ணும் வானும் கருவியின் இரு முனைகள் ஆயின.

1909-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், அக்காலத்து அளவுகளை அவரே கூறியுள்ளார். கம்பத்தின் உயரம் 2 மீட்டராக இருந்தபோது குறிகள் 30 மீட்டர் தொலைவு எட்டின. உயரம் 4 மீட்டரானபோது 100 மீட்டர். 8 மீட்டரானபோது 400 மீட்டர். உயரத்தை இரட்டித்தால் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பது இவ்வெண்களிலிருந்து கிடைத்த விதி. வணிக நிறுவனம் ஒன்றை நடத்தியவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேறு இல்லை. உயர்த்துக, மேலும் உயர்த்துக!

இவ்விதி பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. அந்நாளைய கருவிகளில் அலைநீளத்தைத் தனியே தெரிந்தெடுக்கும் ஏற்பாடு இல்லை. உயர்த்திய கம்பியே அலைநீளத்தையும் முடிவு செய்தது. கம்பி நீண்டபோது அலையும் உடன் நீண்டது. நீண்ட அலைகள் நிலத்தைத் தழுவிச் செல்கையில் குறைந்த இழப்போடு செல்லும். ஆகவே மார்க்கோனி ஒன்றை மாற்றுவதாக எண்ணி இரண்டை மாற்றிக்கொண்டிருந்தார். உயரம் கண்ணில் பட்டது, அலைநீளம் படவில்லை. புகழ் முழுதும் உயரத்திற்கே சென்றது.

அட்லாண்டிக் கடலைக் கடக்கும் முயற்சியில் இவ்வெண்ணத்தின் உச்சத்தைக் காணலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், போல்டு என்னுமிடத்தில், 200 அடி உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நிறுத்தினர். கப்பல் பாய்மரம் போல இழுகயிறுகளால் நிலைநிறுத்தப்பட்ட அக்கம்பங்கள் 1901 செப்டம்பரில் வீசிய புயலில் சாய்ந்தன. பின்னர் இரண்டு கம்பங்களுக்கிடையே விசிறிபோல் கம்பிகளைக் கட்டி ஒலிபரப்பினர். அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள், கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில், பட்டம் ஒன்றால் உயர்த்திய கம்பியின் வழியே குறியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். எந்த அலைநீளத்தில் அக்குறி சென்றது என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் இன்றுவரை வேறுபடுகின்றனர். குறி உண்மையில் கேட்டதா என்று ஐயுறுவோரும் உளர். கம்பத்தின் உயரத்தை அடிக்கணக்கில் குறித்துவைத்த வரலாறு, அலையின் நீளத்தைக் குறித்துவைக்கவில்லை.

5. கால் அலையும் மண்ணென்னும் கண்ணாடியும்

இனி, இவ்விகிதத்தின் இயல்பைக் காண்போம். வீணையின் நரம்பு இருமுனையும் கட்டுண்டது. அதன் அடிப்படைச் சுரத்தில், அதிரும் நரம்பின் நீளம் அந்நரம்பில் எழும் அலையில் பாதி. ஒருமுனை மூடிய குழலோ வேறுவகை. பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதினால் எழும் ஒலியின் அலைநீளம், மூடியின் நீளத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. மூடிய குழல் கால் அலை.

மண்ணில் ஊன்றிய ஒலிபரப்புக் கம்பம் இந்த மூடிய குழலை ஒத்தது. அடியில் மின்னோட்டம் மிகுதி. நுனியில் ஓட்டம் அற்றுப்போகிறது. அடியிலிருந்து புறப்பட்ட மின்னலைவு நுனியை எட்டித் திரும்பி வருகையில், புதிதாகப் புறப்படும் அலைவோடு தாளம் தவறாமல் சேர வேண்டும். கம்பத்தின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக அமைந்தால் இது எளிதில் கைகூடுகிறது. எஞ்சிய கால் எங்கே? நீர்நிலையின் கரையில் நிற்கும் பனைமரம் நீருக்குள் தலைகீழாகத் தெரிவதுபோல், கம்பத்தின் மின்பிம்பம் மண்ணுக்குள் அமைகிறது. மேலே ஒரு கால், கீழே ஒரு கால். இரண்டும் சேர்ந்து ஹெர்ட்ஸின் அரை அலை.

ஆகவே மண்ணும் கருவியின் ஒரு பாதி. காய்ந்த மண் மங்கிய கண்ணாடி. ஈரமும் உப்பும் உள்ள நிலம் தெளிந்த கண்ணாடி. அமெரிக்கப் பொறியாளர்களான பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவரும் 1937-இல் வெளியிட்ட ஆய்வில், கம்பத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் ஏறத்தாழ 120 செப்புக் கம்பிகளை மண்ணில் பரப்புவதன் பயனை அளந்து காட்டினர். நடு அலை நிலையங்களுக்கு இன்றுவரை அதுவே அளவுகோல். நாம் அண்ணாந்து பார்க்கும் கம்பத்தின் வெற்றி, நம் காலடியில் மறைந்து கிடக்கும் கம்பிகளையும் சார்ந்தது.

கம்பம் கால் அலையைவிடக் குறுகினால் என்ன நேரும்? அது ஒலிபரப்பாமல் போவதில்லை. ஆனால் அலையாக வெளியேறும் ஆற்றல் குறைந்து, கம்பியிலும் மண்ணிலும் வெப்பமாக வீணாகும் பங்கு கூடும். மிகக் குறுகிய கம்பத்தில், அலையை வெளியேற்றும் திறனைக் குறிக்கும் எண், உயரம் பாதியானால் காற்பங்காகக் குறைகிறது.

6. எட்ட முடியாத நெட்டலை

மார்க்கோனியின் வெற்றிக்குப் பின், கடல் கடந்த தந்திப் பணியில் ஈடுபட்டோர் மேலும் மேலும் நீண்ட அலைகளை நாடினர். அப்போதுதான் விகிதம் தன் வலிமையைக் காட்டியது. சுவீடன் நாட்டின் மேற்குக் கடற்கரையில், வார்பெரி நகருக்கு அருகிலுள்ள கிரிமெட்டோன் நிலையம் 1925-இல் திறக்கப்பெற்றது. அமெரிக்காவோடு தந்தித் தொடர்பு கொள்வதே அதன் நோக்கம். 127 மீட்டர் உயரமுள்ள ஆறு எஃகுக் கோபுரங்கள் அங்கு வரிசையாக நிற்கின்றன. அந்நிலையத்தின் அதிர்வெண் 17.2 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 17 கிலோமீட்டருக்கும் மேல்; கால் அலை 4 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மனிதர் எவரும் அவ்வுயரத்திற்குக் கம்பம் எழுப்ப இயலாது.

எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் என்னும் பொறியாளர் இதற்கு வேறு வழி கண்டார். கோபுரங்களின் உச்சிகளை இணைத்து நெடுந்தொலைவு கம்பிகளைக் கிடையாக ஓடவிட்டார். ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு கம்பியை இறக்கி, சுருள்களின் வழியே மண்ணோடு இணைத்தார். நின்ற நிலையில் பெற முடியாத நெடுமையின் ஒரு பகுதியைக் கிடந்த நிலையில் ஈடுசெய்த முறை இது. 2004-இல் யுனெஸ்கோ அந்நிலையத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. உயரத்தால் எட்ட இயலாதபோது விகிதத்தை அறிந்து செயல்பட்டதற்கு அக்கோபுரங்கள் சான்று.

7. நடு அலையும் நாஷ்வில் பாடமும்

1920-களில் பொதுமக்களுக்கான வானொலி பிறந்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட நடு அலைகளின் நீளம் பெரும்பாலும் 200 முதல் 550 மீட்டர் வரை. கால் அலை என்பது 50 முதல் 140 மீட்டர் வரை. மனிதர் கட்டக்கூடிய உயரம். முதன்முறையாக, விரும்பிய விகிதத்தில் கம்பத்தை எழுப்பும் வாய்ப்புப் பொறியாளருக்குக் கிட்டியது. அப்படியானால் எந்த விகிதம் சிறந்தது?

1924-இல் ஸ்டூவர்ட் பாலன்டைன் என்னும் அமெரிக்கர் தம் கணக்கீடுகளை வெளியிட்டார். கம்பம் கால் அலையைக் கடந்து, அரை அலையையும் கடந்து, அலைநீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஐந்து பங்கை எட்டும்வரை நிலத்தை ஒட்டிச் செல்லும் அலை வலுக்கிறது. அதற்கு மேல் உயர்த்தினால் குறையத் தொடங்குகிறது. உயரத்திற்கு ஒரு வரம்பு உண்டு என்பதை இக்கணக்கு உணர்த்தியது. இதனைத் தொடர்ந்து 1930-களில் நெடுங்கம்பங்கள் எழுந்தன. அங்கேரியின் புடாபெஸ்ட் நகருக்கு அருகே லாகிஹெஜ் என்னுமிடத்தில் 1933-இல் எழுந்த கம்பம் 314 மீட்டர் உயரமுடையது. அந்நிலையத்தின் அலைநீளமோ ஏறத்தாழ 550 மீட்டர். கோபுரமே அலையை வீசும் உறுப்பாதலால், இத்தகைய கம்பங்கள் மின்சாரம் கடத்தாத பீங்கான் தாங்கியின் மேல் நிறுத்தப்பட்டன.

இப்போது நாஷ்வில் கோபுரத்திற்கு மீள்வோம். அந்நிலையத்தின் அதிர்வெண் 650 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 461 மீட்டர். 1932-இல் எழுப்பிய 268 மீட்டர் உயரம், அலைநீளத்தில் 0.58 பங்கு, ஏறத்தாழ பாலன்டைன் காட்டிய எல்லைக்கு அருகில். நிலத்தை ஒட்டிய அலை வலுவாகவே இருந்தது. ஆனால் அரை அலையைக் கடந்த கம்பம், கிடையாக மட்டுமன்றிச் செங்குத்தாகச் சாய்ந்த கோணத்திலும் ஒரு பங்கு ஆற்றலை வானோக்கி வீசத் தொடங்குகிறது. பகலில் அது மறைந்துபோகும். இரவிலோ வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நிலத்திற்கு வருகிறது. நிலத்தின் வழியே வந்த அலையும் வானின் வழியே வந்த அலையும் ஓரிடத்தில் சந்திக்கையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கேட்போர் செவியில் பாட்டு ஏறியும் தேய்ந்தும் உருக்குலைந்தும் ஒலிக்கிறது. சனிக்கிழமை இரவு இசை நிகழ்ச்சிக்குப் பெயர்பெற்ற நிலையத்திற்கு இதைவிடப் பெருங்குறை வேறென்ன?

808 அடியாகக் குறைத்தபோது விகிதம் 0.53 ஆயிற்று. வானோக்கி வீணாகும் பங்கு சுருங்கியது. அலைகள் மோதும் வட்டம் தொலைவிற்குத் தள்ளிப்போயிற்று. 70 அடி எஃகைக் கழற்றியதால் கேட்கும் எல்லை விரிந்தது. உயரமே வலிமை என்னும் எண்ணத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நாம் கண்டதில்லை.

8. அரை அலையின் உச்சம்

இவ்விகிதத்தை மனிதர் மிகப் பெரிய அளவில் கட்டிக்காட்டிய இடம் போலந்து. அந்நாட்டு வானொலி 227 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் ஒலிபரப்பியது. அலைநீளம் 1,321 மீட்டர். அரை அலை 660 மீட்டர். கொன்ஸ்டான்டினோவ் என்னும் சிற்றூருக்கு அருகே 1974-இல் நிறைவுபெற்ற கம்பத்தின் உயரம் 646 மீட்டர். அரை அலைக்குச் சற்றுக் குறைவு. ஹெர்ட்ஸின் தண்டிலும் அரை அலைக்குச் சற்றுக் குறைவு இருந்ததை நினைவுகூர்க. உலகிலேயே மிக உயரமான அமைப்பாக அது விளங்கியது. சாதனை வேட்கையால் மட்டும் அவ்வுயரம் வாய்க்கவில்லை. அந்த அலைக்கு அரைப்பங்கு அவ்வளவு.

1991 ஆகஸ்ட் 8-ஆம் நாள், இழுகம்பிகளை மாற்றும் பணியின்போது கம்பம் முறிந்து வீழ்ந்தது. அதற்கு ஈடாக, சோலெட்ஸ் குயாவ்ஸ்கி என்னுமிடத்தில் 1999-இல் புதிய நிலையம் திறக்கப்பெற்றது. இரண்டு கம்பங்கள், அவற்றுள் உயரமானது 330 மீட்டர். அப்போதைய அதிர்வெண் 225 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 1,333 மீட்டர். கால் அலை 333 மீட்டர். அரை அலையை இழந்தவர்கள் கால் அலையோடு அமைந்தனர். இடைப்பட்ட ஓர் உயரத்தில் அவர்கள் கை நிற்கவில்லை.

9. நம் செவிக்கு எட்டிய அலைகள்

நம் வட்டாரத்திற்கு வருவோம். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1937-இல் கால்டிகாட் குன்றிலிருந்து தன் பணியைத் தொடங்கியது. அக்காலத்து நாளேடுகளின் வானொலிப் பகுதியில் நிலையத்தின் பெயரோடு அலைநீளமும் மீட்டரில் அச்சிடப்பட்டது. வானொலிப் பெட்டியின் முகப்பிலும் மீட்டர் எண்களே இருந்தன. ‘31 மீட்டரில் வை’, ‘41 மீட்டரில் தேடு’ என்று தோட்டப்புறத்திலும் நகரிலும் நம் மக்கள் இயல்பாகச் சொன்னார்கள். பள்ளிக்கே செல்லாதவரும் அலையின் நீளத்தை நாவில் வைத்திருந்த காலம் அது.

சிற்றலையில் கம்பத்தின் வேலை மாறிவிடுகிறது. 31 மீட்டர் அலைக்கு அரை அலை பதினைந்தரை மீட்டர்தான். அங்கே கோபுரம் தானே அலையை வீசுவதில்லை. இரு கோபுரங்களுக்கிடையே அரை அலை நீளமுள்ள கம்பிகளைத் திரைச்சீலைபோல் வரிசையாகத் தொங்கவிடுவர். வானோக்கி வீசுவது நாஷ்வில்லில் குறை; சிற்றலையில் அதுவே நோக்கம். மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைதான் கடல் கடந்து செல்கிறது. பிபிசி நிறுவனத்தின் தூரக்கிழக்கு அஞ்சல் நிலையம், முதலில் ஜொகூரின் தெப்ராவிலும், 1970-களின் இறுதியிலிருந்து சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் இத்தகைய கம்பித் திரைகளைக் கொண்டு இயங்கியது. கிராஞ்சி நிலையம் 2023-இல் மூடப்பட்டது.

பண்பலைக்கு வந்தால் நிலைமை மேலும் மாறுகிறது. சிங்கப்பூரின் ஒலி 96.8 நிலையத்தின் அலைநீளம் ஏறத்தாழ 3.1 மீட்டர், கால் அலை 78 சென்டிமீட்டருக்கும் குறைவு. சிற்றுந்தின்மேல் நின்ற பழைய கம்பியின் நீளம் ஏறத்தாழ அவ்வளவே என்பது தற்செயல் அன்று. அப்படியானால் கோலாலம்பூர்க் கோபுரம் 421 மீட்டர் உயர்ந்து நிற்பது ஏன்? இங்கே கோபுரம் வெறும் தாங்கி. அலையை வீசும் உறுப்புகள் அதன் உச்சியில் பொருத்தப்பட்ட சிறு தண்டுகள். இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், தொடுவானத்திற்கு அப்பால் எளிதில் எட்டா. 100 மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 41 கிலோமீட்டர். 400 மீட்டரிலிருந்து 82 கிலோமீட்டர். தொலைவை இரட்டிக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். மார்க்கோனியின் விதி அப்படியே தலைகீழாகிவிட்டதைக் காண்க.

கலங்கரை விளக்கம் என்னும் உவமை பொருந்துவது இப்பண்பலைக் கோபுரத்திற்கே. நம் மாணவர்கள் கண்ணால் காண்பது இவ்வகைக் கோபுரங்களை மட்டுமே என்பதால், ‘உயரமே தொலைவு’ என்னும் விடை அவர்கள் மனத்தில் வேரூன்றுகிறது. அது ஒருவகை அலைக்கு உரிய உண்மை. எல்லா அலைக்கும் உரியதன்று.

10. சொல்லில் தங்கிய அளவு

மொழியியல் நோக்கில் இறுதியாக ஒன்று கூற வேண்டும். நெட்டலை, நடு அலை, சிற்றலை என்னும் மூன்று சொற்களும் அலையின் அளவைத் தம்முள் தாங்கியவை. நெடில், குறில் என எழுத்தை அளபால் வகுத்த மொழிக்கு இவ்வகைப் பெயரீடு இயல்பானது. நெடிலுக்கு எதிர் குறில் என்பதால் ‘குற்றலை’ என்று வகுப்பதே செம்மை எனினும், வழக்கு ‘சிற்றலை’யை ஏற்றுக்கொண்டது, வழக்கே வலிது. அடுத்து வந்த ‘பண்பலை’ வேறு வகையினது. அது அலையின் அளவைச் சொல்லாமல், ஒலியை அலையில் ஏற்றும் முறையைச் சொல்கிறது. அலைவரிசை என்னும் சொல்லோ இன்று தொலைக்காட்சி நிலையத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. மீட்டர் எண்கள் பெட்டியின் முகப்பிலிருந்து மறைய, மெகாஹெர்ட்ஸ் எண்கள் நிலையத்தின் பெயராகவே மாறின. 96.8 என்பது அலையைப் பற்றிய ஓர் அளவு என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சொல் மாறியதில் குற்றம் இல்லை. ஆனால் அளவு சொல்லிலிருந்து நீங்கும்போது, அதை வகுப்பறையில் மீண்டும் ஊட்ட வேண்டிய கடமை ஆசிரியருக்கு வந்துசேர்கிறது. இதற்கு இரண்டு வேறுபாடுகளைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தல் நன்று. தானே அலையை வீசும் கம்பத்தைக் ‘கதிர்க்கம்பம்’ என்றும், வீசும் உறுப்பைத் தாங்கி நிற்பதைத் ‘தாங்குகோபுரம்’ என்றும் பிரித்து வழங்கலாம். முன்னதற்கு நெடுமை அலையின் பங்கு. பின்னதற்கு உயரம் தொடுவானத்தின் கணக்கு. அவ்வாறே ‘அலைவாங்கி’ என்னும் சொல்லை வீட்டுக் கருவிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். ஒலிபரப்பு நிலையத்தில் அதே உறுப்பு அலையை வாங்குவதில்லை, வழங்குகிறது. வாங்குவதற்கும் வழங்குவதற்கும் உரிய விகிதம் ஒன்றே என்பதையும் உடன் கூறுக.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. தாம் கேட்கும் பண்பலை நிலையத்தின் எண்ணால் 300-ஐ வகுக்கட்டும். வந்த விடையை நான்கால் வகுக்கட்டும். அந்த அளவிற்கு ஒரு கம்பியைத் தரையில் கிடத்தி அளந்த பின், அதையே நிமிர்த்திப் பிடிக்கட்டும். கிடந்தபோது நீளம் எனவும், நிமிர்ந்தபோது உயரம் எனவும் பெயர் பெற்றது ஒரே கம்பிதான் என்பதை அவர்கள் கையே அவர்களுக்கு உணர்த்தும். அதன்பின், ‘எவ்வளவு உயரம்?’ என்று கேட்டால் ‘எந்த அலைக்கு?’ என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அவ்வாறு கேட்கும் மாணவரை உருவாக்குவதே இவ்வுரையின் நோக்கம்.